ஏரிக்கு ஒரு வாரியம், கோப்புக்கு ஒரு பெயர்

(மைசூரில் தமிழ் அன்பர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கட்டற்ற மென்பொருளில் எந்தக் கோப்பை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் இன்று நான் பேச வந்த பொருள். தலைப்பைக் கேட்ட நண்பர் ஒருவர், "இதைப் பேசப் பெங்களூர் போதாதா, மைசூர் எதற்கு?" என்றார். மைசூரில் பேசுவதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவுக்கு இந்த ஊர்தான் தலைமையிடம். 1886இல் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் பொறுப்பேற்றுத் தொடங்கிய பணி அது. உதகமண்டலத்தில் நெடுங்காலம் இருந்த அந்த அலுவலகம் 1966இல் இங்கே வந்தது. நம் கோயில் சுவர்களில் ஈரத்தாளை ஒற்றி, மை தட்டி எடுத்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகள் ஆயிரக்கணக்கில் இந்த ஊரில் இருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் ஆணையிட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

கல்வெட்டுத் துறையினர் நமக்கு மீட்டுத் தந்த செல்வங்களில் ஒன்று உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்டவை இரண்டு. வெங்கய்யா அவற்றைத் தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் பதிப்பித்தார். குடவோலைத் தேர்தல் என்று பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் இடுவார்கள், ஒரு சிறுவன் கையை விட்டு எடுப்பான். இதோடு நம் பாடம் முடிந்துவிடும். நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது அதற்கு அடுத்த பகுதியை.

அந்த ஊரில் முப்பது குடும்புகள், அதாவது வட்டங்கள். அவற்றிலிருந்து தேர்ந்தவர்களில் ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். பதவிக்காலம் 360 நாள். வயது முப்பத்தைந்துக்குக் குறையக் கூடாது, எழுபதைத் தாண்டக் கூடாது. கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கு மறுபடி இடமில்லை. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் போனவருக்கும், அவருடைய உறவினருக்கும் ஓலையே எழுதக் கூடாது. குற்றம் செய்தவரை அப்போதே விலக்க வேண்டும். ஏரி ஊருக்கெல்லாம் பொதுச் சொத்து. ஆனால் அதன் கரை உடைந்தால் யாரைக் கேட்பது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. அந்த ஆறு பேரைத்தான் கேட்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. அது பிரமதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊரின் சபை. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அந்த வாசல் திறந்திருந்தது. அந்தப் பூட்டை நாம் கொண்டாட வேண்டியதில்லை. பொதுச் சொத்துக்குப் பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுக்க வேண்டும், அந்தப் பொறுப்புக்குக் கால எல்லையும் கணக்கும் வேண்டும் என்ற அறிவை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இன்று நம் காலத்தின் ஏரி எது? உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசிக்கு அடியில் ஓடுவது லினக்ஸ் கருனி. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் தொடங்கியது. இன்று அதன் மூலநிரல் மூன்று கோடி வரிகளுக்கு மேல். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். உலகம் முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் திருத்தம் அனுப்புகிறார்கள். இத்தனை பெரிய பொதுச் சொத்தில், மைசூரில் இருக்கும் ஒரு மாணவி ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினால், அதை யாரிடம் கொடுப்பாள்?

அதற்குத்தான் அந்த நிரலின் தலைவாசலிலேயே 'மெயின்டெய்னர்ஸ்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. தமிழில் பராமரிப்பாளர் பட்டியல் எனலாம். வெறும் எழுத்துக் கோப்புதான், ஆனால் இருபதாயிரம் வரிகளைத் தாண்டியது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பதிவு. 'எம்' என்ற எழுத்துக்கு எதிரே பராமரிப்பாளர் பெயர், 'ஆர்' என்பதற்கு எதிரே சரிபார்ப்பவர் பெயர், 'எஃப்' என்பதற்கு எதிரே எந்தெந்தக் கோப்புகள் அவர் பொறுப்பு என்ற விவரம். இந்தப் பட்டியலைப் படித்துச் சொல்லவே ஒரு சிறு நிரலும் உண்டு. திருத்தத்தை அதனிடம் கொடுத்தால், திருத்தம் எந்தக் கோப்புகளைத் தொடுகிறது என்று பார்த்து, யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று பெயர்களைக் கொடுத்துவிடும். அந்த மாணவிக்கு யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சிபாரிசு வேண்டியதில்லை. முதல் நாளே சரியான கதவைத் தட்டலாம்.

அந்தப் பட்டியலில் என் மனத்தை மிகவும் தொட்டது 'எஸ்' என்ற வரி. அது நிலையைச் சொல்கிறது. ஐந்து நிலைகள் உண்டு. இதைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குச் சம்பளம் தரப்படுகிறது என்பது ஒன்று. சம்பளம் உண்டோ இல்லையோ, ஒருவர் உண்மையாகவே பார்த்துக்கொள்கிறார் என்பது இரண்டாவது. ஆள் இருக்கிறார், ஆனால் எப்போதாவது ஒரு திருத்தம் போடுவதற்குமேல் அவருக்கு நேரமில்லை என்பது மூன்றாவது. ஆளே இல்லை, அநாதை என்பது நான்காவது. காலாவதியானது, புதிதாக வேறொன்று வந்துவிட்டது என்பது ஐந்தாவது. அநாதை என்று எழுதிவிட்டு விடுவதில்லை. நீங்கள் இதில் நிரல் எழுதுகிறீர்கள் என்றால் இந்தப் பொறுப்பை ஏற்கலாமே என்று விளக்கத்திலேயே அழைப்பும் இருக்கிறது.

நம் அலுவலகங்களையும் சங்கங்களையும் நினைத்துப் பாருங்கள். பொறுப்பாளர் பட்டியலில் பெயர் இருக்கும். அவர் வேலை செய்கிறாரா, நேரமில்லாமல் தவிக்கிறாரா, ஊரை விட்டே போய்விட்டாரா என்று எங்கும் எழுதியிருக்காது. "எனக்கு நேரமில்லை" என்பதை வெட்கமில்லாமல் எழுதிவைக்க ஓர் இடம் கொடுத்ததுதான் அந்தப் பட்டியலின் பெருந்தன்மை.

அந்தக் கோப்பின் கடைசிப் பதிவின் தலைப்பு 'மீதி எல்லாம்'. தனிப் பதிவு பெற்ற எந்தப் பகுதியிலும் சேராத கோப்பு ஏதேனும் இருந்தால் அது அங்கே போய்ச் சேரும். அதன் எதிரே இருக்கும் பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ். யாருடைய பொறுப்பும் இல்லாதது தொடங்கியவரின் பொறுப்பு. இதைவிடத் தெளிவாகத் தலைமைக்கு இலக்கணம் சொல்ல முடியுமா?

நண்பர்களே, ஒரே பெயர் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற பிழை வெளிவந்தது. வங்கிக் கணக்கிலும் மின்னஞ்சலிலும் நம் கடவுச்சொல்லைக் காக்கும் 'ஓப்பன்எஸ்எஸ்எல்' என்ற நிரலில் இரண்டு ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் இருந்த ஓட்டை அது. இணையத்தின் பெரும்பகுதி அந்த நிரலை நம்பியிருந்தது. அதை முழுநேரமும் பார்த்துக்கொண்டவரோ ஒரே ஒருவர். திட்டத்துக்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறக்குறைய 2,000 டாலர். எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். கரையை யார் பார்க்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பத்து ஆண்டு கழித்து, 2024 மார்ச் 29 அன்று, அதைவிடக் கொடிய செய்தி வந்தது. 'எக்ஸ்இஸட்' என்ற கோப்புச் சுருக்க நிரல் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. அதைப் பல ஆண்டு தனியாகச் சுமந்து, உடலும் மனமும் களைத்துப்போன பராமரிப்பாளரிடம், ஏன் தாமதம், ஏன் வேறு ஆளைச் சேர்க்கவில்லை என்று முகம் தெரியாத சிலர் நச்சரித்தார்கள். அதே காலத்தில் புனைபெயரில் ஒருவர் உதவிக்கரம் நீட்டினார். ஒழுங்காக உழைத்து நம்பிக்கையைப் பெற்றார். இணைப் பராமரிப்பாளர் ஆனார். பிறகு 5.6.0, 5.6.1 ஆகிய இரு பதிப்புகளில் கள்ளக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்ததால் உலகம் தப்பியது.

களைத்துப்போனவர் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. தனியாளாகச் சுமந்தவர் கடைசியில் யார் தோள் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் செய்வார். இரண்டாவது பெயரைத் தேட வேண்டியது முதலாமவர் தெம்போடு இருக்கும்போது. அப்போதுதான் வந்தவரை அறிந்துகொள்ள அவகாசம் இருக்கும். உத்திரமேரூரார் ஏரிக்கு ஆறு பேரைப் போட்டதும், தகுதி பார்த்துப் போட்டதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கோப்பின்மேல் பெயர் எழுதினால் "இது என் இடம், தொடாதே" என்ற எண்ணம் வளராதா? அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை இப்படித்தான் அஞ்சியது. நிரல் கோப்புக்குள் எழுதியவர் பெயரைப் பொறிக்கும் வழக்கத்தை விட்டுவிடுமாறு 2004இல் அது தன் திட்டங்களுக்கு அறிவுரை சொன்னது. நிரல் சமூகத்தின் கூட்டு உழைப்பு, அதன் நெற்றியில் தனியார் முத்திரை வேண்டாம் என்பது அதன் வாதம். நான் அதை மதிக்கிறேன். ஆனால் எழுதியவர் பெயர் வேறு, பார்த்துக்கொள்பவர் பெயர் வேறு. எழுதியவர் பெயர் கடந்த காலத்துக்கு உரிய புகழ். பார்த்துக்கொள்பவர் பெயர் இன்றைக்கு உரிய கடன். முதலாவதைக் கோப்புக்குள் பொறித்தால் வேலி ஆகும். இரண்டாவதைப் பொதுப் பட்டியலில் எழுதினால் முகவரி ஆகும்.

ஒரு பகுதிக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருப்பது நல்லது என்பதற்குச் சான்றும் உண்டு. விண்டோஸ் விஸ்டா, விண்டோஸ் 7 ஆகியவற்றின் நிரல் பகுதிகளை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களும் பல்கலைக்கழக அறிஞர்களும் சேர்ந்து ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். அவ்வப்போது வந்து கொஞ்சம் மாற்றிவிட்டுப் போகும் பலருடைய கைபட்ட பகுதிகளில் பழுது அதிகம். பெரும்பங்கை ஒருவர் ஏற்றுப் பார்த்த பகுதிகளில் பழுது குறைவு. அதற்காகப் பலரைத் தடுக்க வேண்டாம். பலர் செய்வதை நன்கு அறிந்த ஒருவர் பார்த்து அனுப்ப வேண்டும் என்றார்கள்.

நம் ஊர்த் தேரோட்டம் இதை அழகாகச் சொல்லும். ஊர் கூடி வடம் பிடிக்கும். எத்தனை பேர் இழுத்தார்கள் என்று எண்ண முடியாது. ஆனால் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர் சிலர்தான். அவர்கள் யார் என்று ஊருக்குத் தெரியும். தேர் எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது அவர்கள் கையில். முட்டுக்கட்டை போடுகிறான் என்று பேச்சுவழக்கில் நாம் திட்டுகிறோம். திருவிழாவில் அதுதான் உயிரைக் காக்கும் தொழில். "இந்தத் திருத்தம் இப்போது வேண்டாம், இந்தச் சோதனையை எழுதிவிட்டு வாருங்கள்" என்று சொல்லும் பராமரிப்பாளர் செய்வதும் அதே தொழில்தான். அவரைத் திட்டுவதற்கு முன் சக்கரத்தின் எடையை நினையுங்கள்.

இவ்வளவு சொல்லும் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்ச் சொற்களை அகரவரிசைப்படுத்தும் சிறு நிரல் ஒன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் நான் பராமரிப்பாளராக இருந்தேன். பட்டியலில் என் பெயர் மட்டும்தான். வேலை மாறினேன், வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நிரல் இருக்கும் களஞ்சியத்தின் பக்கமே போகவில்லை. எட்டு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால், ஒரு கல்லூரி மாணவர் 'க்ஷ' வரும் சொற்கள் இடம் மாறி நிற்பதைக் கண்டுபிடித்துச் சோதனையோடு திருத்தி அனுப்பியிருந்தார். இரண்டு முறை நினைவூட்டியிருந்தார். மூன்றாவது முறை எழுதவில்லை. நான் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. என் பெயர் அங்கே இல்லாமலிருந்தால் வேறு யாராவது அதை ஏற்றிருப்பார்கள். வேலை செய்யாத பெயர் பூட்டிய கதவு. பெயரை எழுதுவது எவ்வளவு முக்கியமோ, உரிய நேரத்தில் அடிப்பதும் அவ்வளவு முக்கியம் என்பதை அன்று கற்றேன்.

பெயரை அடிப்பதை அவமானம் ஆக்காமல் செய்ய டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை உருவாக்கும் சமூகத்திடம் கற்கலாம். அங்கே ஒவ்வொரு மென்பொருள் பொதிக்கும் பராமரிப்பாளர் பெயர் கட்டாயம். முடியவில்லை என்றால் சொல்வதற்குப் பல படிகள் உண்டு: உதவி தேவை, தத்தெடுக்க ஆள் தேவை, கைவிடுகிறேன். எடுத்துக்கொள்ள விரும்புபவர் தத்தெடுக்கிறேன் என்று அறிவிக்கலாம். ஆள் கிடைக்கும்வரை தர மேம்பாட்டுக் குழு பொறுப்பேற்கும். சொல்லாமலே காணாமல் போனவர்களை விசாரித்துத் தேடவும் ஒரு குழு இருக்கிறது. லினக்ஸிலோ, பொறுப்பிலிருந்து விலகும் பலரின் பெயர் 'கிரெடிட்ஸ்' என்ற நன்றிப் பட்டியலுக்குப் போகிறது. பதவி போனாலும் பெயர் போகவில்லை.

இப்போது நம் தமிழுக்கு வருகிறேன். 'கொ' என்று ஓர் எழுத்தைத் தட்டுங்கள். விசைப்பலகை அமைப்பைச் சொல்லும் ஒரு கோப்பு வேண்டும். 1999இல் சென்னை மாநாட்டில் உருவான தமிழ்99 அமைப்பு அப்படி ஒரு கோப்பாகத்தான் உங்கள் கணினியில் இருக்கிறது. ககரத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும் ஒகரக் குறியை இரண்டாகப் பிரித்து, ஒற்றைக்கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் நிறுத்த 'ஹார்ஃப்பஸ்' போன்ற ஒரு நிரல் வேண்டும். அந்த வடிவங்களைத் தரும் எழுத்துரு வேண்டும். தேதியையும் மாதப் பெயரையும் தமிழில் காட்டும் வட்டார விவரக் கோப்பு வேண்டும். ஓரெழுத்துக்குப் பின்னால் இத்தனை கோப்புகள். பெரிய நிரல்களுக்கு உலகம் காவல் நிற்கும். தமிழுக்கு மட்டுமே உரிய கோப்புகளுக்கு யார் காவல்? ஜெர்மானியரோ ஜப்பானியரோ வந்து நம் சொற்பிழை திருத்தியைப் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் எதிர்பார்க்க முடியாது.

நாம் தொடங்குவதில் சளைத்தவர்கள் அல்லர். மாநாடு நடத்துவோம், வெளியீட்டு விழா எடுப்போம், பொன்னாடை போர்த்துவோம். மூன்றாம் ஆண்டு அந்த நிரல் புதிய கணினியில் ஓடாமல் போகும்போது விழா மேடையில் இருந்த எவருக்கும் அது தெரியாது. குளம் வெட்டியவருக்குக் கல்வெட்டு வைத்தோம். தூர் வாரியவர் பெயரை எழுத மறந்தோம். மென்பொருளில் அந்தப் பிழையைத் திரும்பச் செய்ய வேண்டாம்.

செய்ய வேண்டியது கடினமன்று. ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாகப் பெயர் போடாதீர்கள், அது ஒரே மாதத்தில் பழசாகும். கோப்புறை வாரியாகத் தொடங்குங்கள். கடந்த ஓராண்டில் எதை யார் அதிகம் தொட்டார்கள் என்று மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' நிரலின் வரலாறு சொல்லும். ஆனால் வரலாற்றைப் பார்த்து நீங்களாகவே பெயரை எழுதிவிடாதீர்கள். அவரைக் கேளுங்கள். சம்மதம் இல்லாத பொறுப்பு பொறுப்பே அன்று. ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது இரண்டு பெயர், அவற்றில் ஒன்று இளையவருடையதாக இருக்கட்டும். 'குழு' என்று மட்டும் எழுதாதீர்கள். எல்லோருக்கும் வரும் கடிதத்துக்கு யாரும் பதில் போடுவதில்லை. நிரல் களஞ்சியங்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளம் 2017இல் 'கோட்ஓனர்ஸ்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. பட்டியலை அதில் எழுதினால், ஒரு கோப்பு மாறும்போது உரியவருக்குத் தானாகவே சரிபார்க்கும் வேண்டுகோள் போகும். ஒரு கோப்புக்கு இரண்டு விதிகள் பொருந்தினால் கடைசியில் எழுதிய விதியே செல்லும் என்பதை மறக்காதீர்கள். பொது விதியை மேலேயும் சிறப்பு விதியைக் கீழேயும் எழுதுங்கள். ஆள் இல்லாத பகுதியை மறைக்காமல் அநாதை என்றே எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, தைப்பொங்கலன்றே வைத்துக்கொள்ளுங்கள், பட்டியலைத் திறந்து ஒவ்வொருவரிடமும் "இந்த ஆண்டும் உங்களால் முடியுமா?" என்று கேளுங்கள். அதுதான் நம்முடைய 360 நாள்.

இன்னும் ஒரே ஒரு சொல். இந்த ஊரின் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் இன்று காலை நடந்துவிட்டுத்தான் வந்தேன். அது மைசூர் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஏரிக்கு ஆள் உண்டு. ஆனால் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த பூர்ணையா கால்வாய் ஊர் வளர வளரப் பல இடங்களில் அடைபட்டது. ஏரியை மட்டும் காத்தால் போதாது, வரத்துக்காலையும் காக்க வேண்டும். உங்கள் நிரல் எந்தெந்த நிரல்களை நம்பி நிற்கிறதோ அவை உங்கள் வரத்துக்கால். அவற்றுக்கு ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதும் உங்கள் கடமை. பெங்களூரின் ஜெரோதா நிறுவனம் 2024இல் உலகக் கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வழங்கும் நிதியை அறிவித்தது. தண்ணீர் குடிப்பவர் கரைக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்பதை உணர்ந்த செயல் அது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர வேண்டும்.

மாணவச் செல்வங்களே, இன்று இரவு விடுதிக்குப் போனதும் நீங்கள் பயன்படுத்தும் தமிழ் மென்பொருள் ஒன்றின் களஞ்சியத்தைத் திறந்து பாருங்கள். பராமரிப்பாளர் யார் என்று தேடுங்கள். பெயர் இருந்தால் அவருக்கு இரண்டு வரியில் நன்றி எழுதி, எந்தப் பகுதியில் உதவலாம் என்று கேளுங்கள். பெயர் இல்லையென்றால் ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு பெயராக முன்வாருங்கள். முடியாத நாள் வரும்போது சொல்லிவிட்டு விலகுங்கள். உத்திரமேரூரில் ஏரிக்கு ஆறு பேர் இருந்தார்கள். நம் தமிழ்க் கோப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேராவது இருக்கட்டும்.